அம்மாவும் ஏறக்கூடிய மாடிப்படி எது?

கேள்வி: கும்பகோணத்தில் 1986-இல் அப்பா கட்டிய வீடு. மாடிப்படி வெளிப்பக்கம் இருப்பதால் மழைக்காலத்தில் நனைந்துகொண்டேதான் ஏற வேண்டும். இப்போது வீட்டைப் புதுப்பிக்கிறோம், படியை ஹாலுக்குள் கொண்டுவர ஆசை. இரும்புச் சுழல்படி வைத்தால் இடம் மிச்சம் என்கிறார் காண்ட்ராக்டர். சுவரிலிருந்து பலகை பலகையாக நீட்டிக்கொண்டிருக்கும் படியும் கண்ணாடித் தடுப்பும் வேண்டும் என்கிறாள் மகள். அம்மாவுக்கு 71 வயது, மூட்டுவலி. பேரனுக்கு 4 வயது. ஹாலில் 12 அடிக்கு 7 அடி ஒதுக்கலாம். தரையிலிருந்து மாடித் தரை வரை பத்தரை அடி உயரம். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சுழல்படி வேண்டாம். 5 அடி விட்டத்தில் வைத்தால், ஏறுகிறவருக்குக் கிடைக்கும் அகலம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் கூடுதல்தான். அதிலும் நடுத்தண்டுப் பக்கம் காலே வைக்க முடியாது. கட்டிலையும் பீரோவையும் அதில் ஏற்ற முடியாது. உடம்புக்கு முடியாத ஒருவரை மேலிருந்து தூக்கி இறக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போக அது போதும், தினமும் குடும்பம் ஏறி இறங்கப் போதாது.

மகள் கேட்கும் படி அழகானதுதான். ஆனால் இரண்டு படிகளுக்கு நடுவே கீழே தெரிந்தால் மூட்டுவலிக்காரர்களுக்குக் கால் கூசும், குழந்தை அதில் காலை விடுவான். நீட்டிய பலகையைத் தாங்கும் வலு உங்கள் பழைய செங்கல் சுவருக்கு உண்டா என்பதும் தனிக் கேள்வி. உங்களிடம் இருக்கும் இடத்துக்கு, பாதியில் லேண்டிங் வைத்துத் திரும்பும் கான்கிரீட் படியே சரி. அம்மா நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

கணக்கைப் பாருங்கள். பத்தரை அடி என்பது 126 அங்குலம். அதை 19 ஏற்றமாக (ஒரு படியின் உயரம்தான் ஏற்றம்) பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 6.6 அங்குலம். கால் வைக்கும் இடம், அதாவது மிதி, 11 அங்குலம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு ஏற்றம் 19 சென்டிமீட்டருக்கு (சுமார் ஏழரை அங்குலம்) மிகாமலும், மிதி 25 சென்டிமீட்டருக்கு (சுமார் 10 அங்குலம்) குறையாமலும் இருக்கச் சொல்கிறது. உங்களுடையது அதைவிடச் சுகமாகவே இருக்கும். கீழே 10 ஏற்றம், மேலே 9. கீழ் வரிசையின் 9 மிதிக்கு எட்டேகால் அடி, லேண்டிங்குக்குப் படியின் அகலமான மூன்றேகால் அடி சேர்த்தால் மொத்த நீளம் பதினொன்றரை அடி. அகலம் மூன்றேகால் அடி வீதம் இரண்டு வரிசை, நடுவில் அரை அடி: சரியாக 7 அடி. முதல் படிக்கு முன்னால் நிற்க 3 அடி காலியாக இருக்க வேண்டும், அதை ஒதுக்கிய இடத்துக்கு வெளியே பார்த்துக்கொள்ளுங்கள். வலது காலில் தொடங்கி வலது காலில் முடிய வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னாலும், 19 ஒற்றைப்படைதான்.

வேலை கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். கான்கிரீட் படியை முதலில் போட்டுவிடுவார்கள். பிறகு ஹாலில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை இரண்டு, மூன்று அங்குலம் உயரும். படிமேல் ஒட்டும் கிரானைட் அந்த அளவு உயராது. விளைவு, முதல் படி மட்டும் குட்டையாகிவிடும். மாடியிலும் தரை இப்படியே உயர்வதால், கடைசிப் படி நேர்மாறாக உயரமாகிவிடும். கண் கவனிக்காது, ஆனால் நான்கு படி ஏறியதுமே கால் ஒரு அளவைப் பழகிவிடும். அந்த அளவு மாறும் இடத்தில்தான் தடுக்கும். என் அத்தை விழுந்தது அப்படியொரு கடைசிப் படியில்தான், முக்கால் அங்குல வித்தியாசத்தில். அதனால் டைல்ஸ் போட்ட பிறகு வரப்போகும் தரை மட்டத்தைக் கீழும் மேலும் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து முதலில் சுவரில் குறிக்கச் சொல்லுங்கள். 19 கோடுகளையும் சுவரில் வரைந்து, நீங்களே டேப் வைத்து அளந்த பிறகு சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றும் பலகை அச்சு) அடிக்கட்டும்.

இன்னொன்று, படி மேலே போக வழிவிட்டு மாடித் தளத்தை வெட்டுவது. பீம் எங்கே ஓடுகிறது, கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் பார்த்து, வெட்டும் இடத்தைச் சுற்றித் தாங்கு பீம் வரைபடம் கொடுத்த பிறகுதான் டிரில் தொட வேண்டும். இந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய வெளிப்படியையும் உடனே இடிக்க வேண்டாம். நாளை மாடியை வாடகைக்கு விட நினைத்தால் அதுதான் வழி.

பளபளக்கும் கிரானைட் ஈரக்காலில் வழுக்கும். லெதர் ஃபினிஷ் (பளபளப்பில்லாமல் சற்றே சொரசொரப்பான) கல் கேளுங்கள், அல்லது விளிம்போரம் இரண்டு மூன்று கோடு வெட்டச் சொல்லுங்கள். படி விளக்கை இரு பக்கமிருந்தும் போட்டு அணைக்க, கீழும் மேலும் டூவே சுவிட்ச் வையுங்கள். அம்மாவின் படுக்கையறையும் குளியலறையும் மட்டும் கீழேயே இருக்கட்டும்.

எதையும் முடிவு செய்யுமுன், உறவினர் வீடுகளில் இரண்டு மூன்று படிகளில் அம்மாவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எது சுலபம் என்று அவர் சொல்வதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைப்பிடிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி, காந்தம் ஒட்டவில்லை என்று காட்டினார்கள். நம்பலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து நம்ப முடியாது. விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைத் திரவம் கடைகளில் உண்டு, உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். கடலோர ஊரானால் உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம் கேளுங்கள். ரன்னிங் அடி விலை (நீளத்தில் ஓர் அடிக்கு இவ்வளவு) என்றால் சாய்வு அளவா, படுக்கை அளவா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். சாய்வு அளவு ஐந்தில் ஒரு பங்கு வரை கூடும். கம்பிகள் நெட்டுக்குத்தாக, 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். குறுக்குக் கம்பியில் குழந்தைகள் ஏணிபோல ஏறிவிடுவார்கள்.