பேரன் ஏன் வாங்கில் இருக்கிறான்? சிறுவர் ஐஸ் ஹொக்கி கேள்வி பதில்

ரொறன்ரோவில் பல வருடம் சிறுவர் ஐஸ் ஹொக்கி அணிகளுக்கு மனேஜராக இருந்தேன். பிள்ளைகளின் பதிவுப் பத்திரங்களும் ஆட்ட நேரக் கணக்கும் என் பொறுப்பில் இருந்தன. இப்போது இருப்பது உவர்மலையில். கனடாவில் விளையாடும் பேரப்பிள்ளைகளின் மட்சை வட்ஸ்அப்பில் பார்க்கும் வீடுகள் திருகோணமலையில் நிறைய. அந்த வீடுகளில் இருந்து வந்த கேள்விகள் இவை.

பாலையூற்றிலிருந்து ஓர் அம்மம்மா: சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்குப் பேரனின் மட்ச் பார்க்கிறேன். பிள்ளை கூடிய நேரம் வாங்கில்தான் இருக்கிறான். கோச்சுக்கு அவனைப் பிடிக்கவில்லையோ?

அப்படி நினைக்காதீர்கள் அம்மா. கோல் காப்பவரை விட்டால் ஐஸில் ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான் நிற்பார்கள். அணியில் பதினைந்து பேர் என்றால் ஐந்து ஐந்து பேராக மூன்று குழு மாறி மாறி இறங்கும். ஆட்டம் 45 நிமிடம் என்று வையுங்கள், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 15 நிமிடம். மிச்சம் 30 நிமிடமும் வாங்கில்தான். இதுதான் சமமான பங்கு. முழு வேகத்தில் சறுக்கினால் ஒரு நிமிடத்திலேயே கால் சோர்ந்துவிடும், அதனால்தான் இத்தனை மாற்றம். அடுத்த முறை கோலை விட்டுவிட்டு, பேரன் எத்தனை தரம் இறங்குகிறான் என்று எண்ணுங்கள். மற்றப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட அத்தனை தரம் இறங்கினால் குறை ஒன்றும் இல்லை.

ஏழு, எட்டு வயதுக்காரருக்கு இன்னும் கண்டிப்பு. பெரும்பாலும் பாதி ஐஸில்தான் ஆட்டம். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ ஆனதும் மணி அடிக்கும், எல்லோரும் மாற வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையை மட்டும் உள்ளே வைத்திருக்க கோச்சால் முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

உப்புவெளியிலிருந்து ஒரு தாத்தா: பேரன் 2015 டிசம்பர் 29 இல் பிறந்தவன். மூன்று நாள் பிந்தியிருந்தால் ஒரு வருடம் இளையவர்களோடு சேர்த்துக் கணக்கிட்டிருப்பார்களாம். உண்மையா?

உண்மைதான் ஐயா. நமக்குப் பள்ளிக்கூட அனுமதிக்கு ஜனவரி 31 எப்படியோ, அந்த நாட்டு ஹொக்கியை நடத்தும் சங்கமான ஹொக்கி கனடாவுக்கு டிசம்பர் 31 அப்படி. அன்றைக்கு என்ன வயதோ அதுதான் அந்தப் பருவம் முழுவதற்கும் வயது. 2025–26 பருவத்தில் 11 வயதுக்குட்பட்ட பிரிவு 2015, 2016 இல் பிறந்தவர்களுக்கு. உங்கள் பேரன் அதில் மூத்த வருடத்துக்குள் போகிறான், ஆனால் அந்த வருடத்தின் கடைசிப் பிள்ளை. 2015 ஜனவரியில் பிறந்தவன் இவனைவிட ஏறத்தாழ ஒரு வயது மூப்பு. உயரம், பலம் எல்லாம் வித்தியாசப்படும்.

கனடாவின் மேல்மட்ட ஹொக்கி வீரர்களில் வருடத் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதை ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985 இலேயே எழுதிக் காட்டினார். அணிக்குப் பிள்ளைகளை எடுக்கும் தெரிவு நாளில் பெரிய உடம்பு முதலில் கண்ணில் படுகிறது. டிசம்பர் பிள்ளைக்குத் திறமை இல்லை என்று பத்து வயதில் யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வீட்டிலும் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி: அக்காவின் மகன் இங்கே பிறந்தவன். பதிவுக்கு என்ன அனுப்ப வேண்டும்?

பிறப்புச் சான்றிதழும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும். பெயரின் எழுத்துக் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இருப்பிட அத்தாட்சியை அக்கா அங்கே காட்டுவார். சின்னவன் மேல் பிரிவில் விளையாட வழி இருக்கிறது. விசேட அனுமதி இல்லாமல் பெரியவன் கீழே இறங்க முடியாது. அதனால் வயதை மாற்றிச் சொல்லும் எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து ஓர் உம்மா: பேத்தி ஆண் பிள்ளைகளோடு விளையாடுகிறாள். இடித்து விழுத்துவார்களே?

பன்னிரண்டு வயது வரை உடம்பால் இடிக்கத் தடை, 2013 இலிருந்து. முகம் முழுக்க மூடும் கம்பிக் கவசமும் கழுத்துக் காப்பும் கட்டாயம். பெண் பிள்ளைகளுக்கென்று தனி அணிகளும் உண்டு. பதின்மூன்று வயதில் எதில் தொடர்வது என்று பேத்தியிடமே கேளுங்கள்.

உவர்மலையிலிருந்து ஓர் அண்ணை: மருமகன் காசு கட்டித்தான் சேர்த்தார். மகனைக் கடைசி ஐந்து நிமிடம் இறக்கவேயில்லை. சண்டை பிடிக்கலாமா?

எந்த அணி என்று முதலில் கேளுங்கள் அண்ணை. ஹவுஸ் லீக், அதாவது தெரிவு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் சேரும் உள்ளூர்ப் பிரிவு என்றால் சம நேரம்தான் வழமை, கேட்க நியாயம் உண்டு. திறமை பார்த்து எடுக்கும் தெரிவு அணி என்றால் பருவம் முழுவதிலும் நியாயமான நேரம் கொடுப்பார்கள், ஆனால் கடைசி நிமிடங்களில் யாரை இறக்குவது என்பது கோச்சின் முடிவாக இருக்கலாம். இதைப் பருவத் தொடக்கக் கூட்டத்திலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும். பிள்ளை தண்டனை வாங்கியிருந்தால் அது வேறு கணக்கு: சிறிய தவறுக்கு இரண்டு நிமிடம் வெளியே, கைகலப்பு என்றால் அன்றைய ஆட்டமே முடிந்தது.

மட்ச் முடிந்த கையோடு கோச்சிடம் போகக்கூடாது. 24 மணி நேரம் பொறுத்து, அணி மனேஜர் வழியாகப் பேசச் சொல்லும் சங்கங்கள் பல. நான் மனேஜராக இருந்தபோது, மறுநாள் அமைதியாகக் கேட்ட பெற்றோருக்குத்தான் பதில் ஒழுங்காகக் கிடைத்தது. பிள்ளைக்கு முன்னால் கோச்சைத் திட்டினால் அடுத்த பயிற்சியில் அந்தப் பிள்ளைதான் தலை குனிந்து நிற்கும்.

நிலாவெளியிலிருந்து ஓர் அக்கா: யூலையில் போகிறோம். மட்ச் பார்க்கலாமா?

கஷ்டம் அக்கா. பருவம் பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். பயணத்தைத் தள்ள முடிந்தால் நவம்பரில் போங்கள். மைதானத்துக்கு உள்ளேயும் குளிரும், தடித்த ஜக்கெட் வேண்டும். உடுப்பு மாற்றும் அறைக்குள் போனை எடுக்க விடமாட்டார்கள், படம் எல்லாம் வெளியே வந்த பிறகுதான்.