முதல் ரோடு பைக்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

ரோடு பைக் வாங்கி ஒரு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் மூன்று பஞ்சர். டயர் 700×28. தெருமுனைக் கடையில் காற்றடிக்கப் போனால், "இந்த வால்வுக்கு நம்மகிட்ட பம்ப் இல்ல சார்" என்கிறார்கள். விலை கூடின டயராகப் போட்டுவிடலாமா?
*வாசகர், ராமநாதபுரம்*

டயருக்குப் பணம் போடுவதற்கு முன்னால், ஓட்டை எந்த இடத்தில் விழுந்தது என்று பாருங்கள். காரணத்தை அந்த இடமே சொல்லிவிடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் காற்று போதவில்லை என்று பொருள். பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிழிந்திருக்கிறது. டியூபின் உள்வட்டத்தில், ரிம்மைத் தொடும் பக்கம் ஓட்டை இருந்தால் ரிம் டேப் (ரிம்மின் உள்ளே ஸ்போக் துளைகளை மூடும் பட்டை) விலகியிருக்கும். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்றடிக்கும்போது வால்வை ஆட்டியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள். உங்கள் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளாகத்தான் இருக்கும். நான்குவழிச் சாலை என்றால் லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பி. இவை டயருக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றினால் அடுத்த பஞ்சரும் அதே இடத்தில்தான். டயரின் உள்பக்கத்தைப் பழைய துணியால் சுற்றித் துடையுங்கள். முள் இருந்தால் நூல் மாட்டும்.

உங்கள் சைக்கிளில் இருப்பது பிரெஸ்டா வால்வு. மூடியைக் கழற்றி, நுனியிலுள்ள குட்டி நட்டை இடப்பக்கம் திருகித் தளர்த்துங்கள். விரலால் ஒருமுறை அழுத்தி 'புஸ்' என்று சத்தம் வந்த பிறகு பம்பை மாட்டுங்கள். சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி மாட்டினால் மோட்டார் பைக்குக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரிலும் அடிக்கலாம், ஆனால் அது அவசரத்துக்கு மட்டும். குறுகிய டியூபில் காற்று நொடியில் ஏறிவிடும். மீட்டர் வைத்த கால் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சைக்கிளுக்கு அடுத்து முதலில் வாங்க வேண்டியது அதுதான். ஹெல்மெட்டை ஏற்கெனவே வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 28 டயரில் பின்னால் 80, முன்னால் 75 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். ரோடு மோசமாக இருந்தால் ஐந்து குறைக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அவ்வளவு அடிக்கத் தேவையில்லை. இந்த டியூபில் காற்று தினமும் கொஞ்சம் கசியும் என்பதால் வாரம் இருமுறை மீட்டர் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் 50-க்கும் 80-க்கும் வித்தியாசம் தெரியாது.

டியூப் மாட்டும்போது அதில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஏற்றத் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசியில் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்தால் டயரின் ஓரத்தில் டியூப் சிக்காது. ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம், புது டியூபையே அது கிழித்துவிடும். டயரை நெம்பும் பிளாஸ்டிக் லீவர் போதும்.

இருபது கிலோமீட்டர் தாண்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. முழங்காலின் முன்பக்கமும் வலிக்கிறது. சைக்கிள் எனக்குப் பெரிய சைஸா?
*வாசகி, மதுரை*

சைஸைச் சந்தேகிப்பதற்கு முன் சீட்டைப் பாருங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான். உட்கார்ந்தபடியே தரையில் கால் ஊன்ற வேண்டும் என்று நினைத்துச் சீட்டை இறக்கிவிடுகிறோம். ரோடு பைக்கில் நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கித்தான் கால் ஊன்ற வேண்டும்.

வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடையிடுக்கில் சீட் அழுத்துவதுபோல மேலே தூக்கிப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டரோ, அதை 0.883 ஆல் பெருக்குங்கள். அளவு 76 என்றால் விடை 67. இரண்டு பெடல் கைகளும் (கிராங்க்) சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரை, சீட் கம்பியின் போக்கிலேயே இந்த அளவு இருக்க வேண்டும். பிறகு குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். கீழே போகும்போது கால் நேராக வேண்டும், இடுப்பு ஆடக்கூடாது. அதற்குப் பின் மாற்றம் தேவைப்பட்டால் ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டர் மட்டும், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது. சீட் கம்பியில் பொறித்த எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது.

விரல் மரப்பதற்குக் காரணம் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துவது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி எடை முழுவதும் கையில் இறங்கும். ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள். முழங்கையை விறைக்காமல் மடக்கி வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஹேண்டில்பார் எட்டாததுபோல் இருந்தால், 10 மில்லிமீட்டர் நீளம் குறைந்த ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) போடச் சொல்லுங்கள். எட்டுவதற்காகச் சீட்டை முன்னால் தள்ளாதீர்கள், முழங்கால் வலி திரும்பிவிடும்.

ஏலகிரி ஏற வேண்டும் என்று ஆசை. முன்னால் 50/34, பின்னால் 11-28 பல். முடியுமா?
*வாசகர், ஜோலார்பேட்டை*

முடியும், ஆனால் கடினமாக இருக்கும். முன்னால் 34, பின்னால் 28 பல் கியரில் பெடலின் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.6 மீட்டர் நகர்வீர்கள். நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் வரும். அதையும் தக்கவைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் பெரிய பல் 32 உள்ள கேசட் (பின் சக்கரத்தின் பல் தொகுதி) உதவும். உங்கள் பின் டீரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி) அதைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று வாங்கும் முன் கடையில் கேளுங்கள். முதல் வளைவிலேயே வேகம் காட்டாதீர்கள், இன்னும் பதின்மூன்று கொண்டை ஊசி இருக்கிறது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எங்களுக்குக் கவலை. கையை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் வையுங்கள், பிரேக் பிடி அங்கேதான் பலமாகக் கிடைக்கும். வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். வழியெல்லாம் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும். வளைவில் பஸ் வந்தால் அதற்கு முழு ரோடும் தேவை, ஓரமாக நின்றுவிடுங்கள்.

புது சைக்கிள் வாங்கி ஒரு மாதத்தில் கியர் 'கடகட' என்கிறது. பெரிய பல்லுக்கு ஏறத் தயங்குகிறது.
*வாசகர், கரூர்*

புது கேபிளும் அதன் உறையும் படிந்து உட்கார்ந்திருக்கும், பழுது இல்லை. பின் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகும் குமிழ் இருக்கும். பின்னாலிருந்து பார்த்து இடப்பக்கமாகக் கால் சுற்று திருகிக் கியர் மாற்றிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னும் கால் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கம். எச், எல் என்று குறித்த இரண்டு ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். சைக்கிள் வலப்பக்கம் விழுந்த பிறகுதான் இந்தச் சத்தம் வந்தது என்றால் டீரெய்லர் மாட்டிய காது வளைந்திருக்கலாம், கடைக்குக் கொண்டுபோங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
*வாசகி, நாகர்கோவில்*

வேண்டாம். மண்ணை இழுத்துப் பசையாகிவிடும். சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். மழையில் நனைந்தாலோ கடலோரம் ஓட்டினாலோ அன்றைக்கே துடைத்துப் புதிதாக விடுங்கள்.