ஜாஸுக்குப் பத்துக்கு நாலா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் நாலு பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாரம் ஒரு ஆல்பம் கேட்டு ஆளாளுக்குப் பத்துக்கு மார்க் போடுவோம். கர்நாடக சங்கீதம், ராப், மெட்டல் எல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டது. போன வாரம் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. நான் நாலு போட்டேன். ஒன்பது நிமிஷம் ஆகியும் முதல் பாட்டு ஆரம்பிக்கவே இல்லை சார். அன்றிலிருந்து மற்ற மூணு பேரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என் மார்க் தப்பா?
(மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நாலு போட்டது தப்பில்லை. காரணம்தான் இடிக்கிறது. 'ஆரம்பிக்கவே இல்லை' என்று படித்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. நமக்கு சினிமாப் பாட்டில் வளர்ந்த காது. முன்னிசை முடிந்ததும் பல்லவி வந்தாக வேண்டும், குரல் வந்தாக வேண்டும், இல்லையென்றால் காது வாசலிலேயே நின்று யாரோ வரப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே யாரும் வரப்போவதில்லை, வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த முதல் உருப்படியை, 'ஸோ வாட்', இன்னொரு தடவை போடுங்கள். பியானோவும் பேஸும் கொஞ்ச நேரம் சும்மா தடவிக்கொண்டிருக்கும், அதை விடுங்கள். அப்புறம் பேஸ் ஒரு வரி சொல்லும். சொன்னதும் மற்றவர்கள் இரண்டே தட்டில் ஒரு பதில் போடுவார்கள். மறுபடி ஒரு வரி, மறுபடி அதே இரண்டு தட்டு. கோயில் திருவிழாவான கொடையில் வில்லுப்பாட்டு கேட்காமல் நம் குமரி மாவட்டத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார் இல்லையா, அந்த 'ஆமா'தான் இது. இது எனக்குப் பிடிபட்ட அன்றைக்குத்தான் அந்த ஆல்பம் எனக்குள் வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தனியாக வாசிப்பார்கள். பின்னால் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம், அதாவது கார்டு, அடிக்கடி மாறாது, மொத்தம் இரண்டே ஸ்கேல்தான் (சுர வரிசை), அதற்குள்ளேயே ஒவ்வொருவரும் தன் வழியைத் தேடிக்கொள்ள வேண்டும். ராக ஆலாபனை மாதிரி என்று சொல்லத் தோன்றும், ஆனால் சுரத்தை அசைத்து இழைக்கும் நம் கமகம் அதில் கிடையாது, அதனால் அந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்காதீர்கள். டேவிஸ் ஒரு சுரத்தை ஊதிவிட்டு இடம் விடுவார், சாக்ஸபோன் வாசிக்கும் ஜான் கோல்ட்ரேன் வந்ததும் அந்த இடத்தையெல்லாம் அடைத்துவிடுவார். 1959 மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், அவ்வளவுதான் ஒலிப்பதிவு. டேவிஸ் கையில் கொண்டுவந்தது வெறும் குறிப்புகள்தான். மார்க் போடுவதென்றால் அந்த நிலைமையில் யார் எதைக் கண்டுபிடித்தார் என்பதற்குப் போடுங்கள், பல்லவி வரவில்லை என்பதற்காகக் குறைக்காதீர்கள். அதற்கப்புறமும் நாலுதான் என்றால் நான் உங்கள் கட்சி.

இன்னொரு வேடிக்கை. ஒலிப்பதிவு நாடா ஓடிய வேகத்தில் கோளாறு இருந்ததால் அந்த இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்கச் சற்றே சுருதி ஏறித்தான் வெளிவந்தது. 1992-இல்தான் சரிசெய்தார்கள். அதுவரை 33 வருஷம் பத்துக்குப் பத்து போட்டவர்களெல்லாம் சுருதி ஏறிய தட்டைக் கேட்டுத்தான் போட்டார்கள். உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

அப்புறம், கேட்டு முடித்த கையோடு மார்க் போடாதீர்கள். நம் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி வருஷா வருஷம் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போகிறாளே, அந்த நவராத்திரி மண்டபத்துக் கச்சேரியில் யாரும் கைதட்டுவதில்லை, வழக்கம் அப்படி. பாட்டு முடிந்ததும் ஒரு மௌனம் இருக்கும், அப்போது கேட்டது உள்ளே இறங்கும். உங்கள் வீட்டிலும் ஒரு ராத்திரி தாண்டட்டும்.

கேள்வி: எங்கள் ஊர் கொடையில் வில்லுப்பாட்டைப் போனில் பதிவு செய்தேன். அன்று விடியும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டில் வந்து போட்டுக் கேட்டால் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பாடியவர்கள் சுமாரா, அல்லது அன்றைக்கு எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதா?
(குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பாடியவர்கள் மேலும் குற்றமில்லை. பாதிக் குற்றம் போனுடையது. வில்லில் கட்டிய மணியும் ஜால்ராவும் மேலே மேலே விழுந்து காதை அடைக்கும். குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது வயிற்றில் வந்து மோதுமே ஒரு 'தும்', அது போன் ஸ்பீக்கரில் வரவே வராது. போதாததற்கு, சத்தம் ஏறினால் போன் தானாகக் குறைத்துக்கொள்ளும், இறங்கினால் தானாகக் கூட்டிக்கொள்ளும். ஏற்ற இறக்கம் முழுக்கத் தட்டையாகிவிடும்.

மீதிப் பாதி வேறு. நடுராத்திரியில் வில்லில் அடிக்கும் வீசுகோல் வேகம் எடுத்து, உடுக்கு அதைத் துரத்தி, எல்லாரும் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போவது நீங்களும் நானும் ரசிப்பதற்காக இல்லை. சாமி வருவதற்காக. அந்தப் பாட்டு போய்ச் சேர வேண்டிய ஆள் சாமியாடி. அவர் உடம்பு முதலில் லேசாக நடுங்கும், பக்கத்தில் இருப்பவர் துண்டை எடுத்து அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டுவார், அப்போது குலவைச் சத்தம் எழும்பும். அந்த நிமிஷம் உங்கள் பதிவில் வெறும் இரைச்சலாக இருக்கும். சீடியாக வரும் வில்லுப்பாட்டில் கதையைச் சுருக்கி, இரைச்சலை வழித்தெடுத்துத் தருகிறார்கள், அதைக் கதை சொல்கிற அழகுக்காக மட்டும் கேளுங்கள், கொடையோடு ஒப்பிட்டால் அவர்கள் பாவம். உங்கள் பதிவை அழித்துவிடாதீர்கள். நாலு வருஷம் கழித்துக் கேட்டால் பாட்டைவிட, நடுவில் பேசும் ஆட்கள் குரல்தான் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: ஆல்பம் கேட்டு விமர்சனம் எழுத எத்தனை ஆயிரத்தில் ஹெட்போன் வாங்க வேண்டும்?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: இருப்பதை வைத்தே எழுதுங்கள். இரண்டு ஆல்பத்தை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதுபோலக் காதுக்குத் தோன்றும், எல்லார் காதும் இதில் ஏமாறும், விலை உயர்ந்த ஹெட்போன் போட்ட காதும்தான்.

கேள்வி: மெட்டல் எனக்குப் பிடிக்காது. பிடிக்காத இசையைப் பற்றித் தீர்ப்பு சொல்லலாமா?
(குலசேகரம் வாசகர்)

பதில்: 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். 'இது மட்டம்' என்று சொல்ல, அதை விரும்புகிறவர்கள் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். 2008-இல் மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது அதன் ரசிகர்களே கொந்தளித்தார்கள். எதற்கு? சத்தம் அதிகமாம்! நமக்கு எல்லாமே சத்தம்தானே என்று தோன்றும். ஆனால் மெதுவானதற்கும் உரத்ததற்கும் இடையே இருக்க வேண்டிய வித்தியாசத்தை மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலையில், நசுக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் புகார். அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் அவ்வளவு நசுங்காமல் வந்ததால் இரண்டையும் வைத்துக் காட்டி வாதாடினார்கள். இரைச்சலுக்குள்ளேயே இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறார்கள். எனக்கு இன்னும் மெட்டல் ஏறவில்லை. அதனால் மார்க் போடுவதும் இல்லை.

கேள்வி: சினிமாப் பாட்டுத் தொகுப்பை ஆல்பம் என்று சொல்லக் கூடாது என்கிறார் என் கணவர். சரியா?
(தக்கலையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அண்ணாச்சியிடம் சொல்லுங்கள், ஆல்பம் என்ற பேரே பழைய இசைத்தட்டுகளைப் போட்டோ ஆல்பம் மாதிரி அட்டை போட்டுக் கட்டி விற்றதில் வந்தது என்று. ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. படத்தில் ஐந்தாவது பாட்டு நாலாவதற்குப் பிறகு வருவது கதை கேட்டதால், இசை கேட்டதால் இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) கேட்டால் வித்தியாசம் தெரியும். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த தொகுப்பு, காட்சி கிடையாது, பாடல் வரி கிடையாது, வரிசையை மாற்றினால் ஏதோ குறையும்.

நமக்கு அந்த வரிசைப் பழக்கமே இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. நாகர்கோவில் வானொலி வந்தது 1984-இல், அதில் கேட்டதெல்லாம் கலவை. கடையில் வாங்கிய கேசட்டில் இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் இன்னொரு படம். அதுவும் போதாதென்று பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்குவோம். கடைக்காரர் 60 நிமிஷ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டு அடைத்துவிடுவார், கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தில் பாதியில் 'டக்'கென்று நிற்கும். அப்படி நின்ற ஒரு பாட்டை ஏழெட்டு வருஷம் கேட்டேன். பிறகு ஒரு கல்யாண வீட்டில் முழுசாகப் போட்டார்கள். அந்த இடம் தாண்டியும் பாட்டு ஓடியபோது, யாரோ புதிதாகச் சேர்த்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.