பழைய பொக்லைன் வாங்குறவங்க, வாடகைக்கு எடுக்குறவங்க கேள்விகளுக்கு ஒரு மெக்கானிக்கோட பதில்

கேள்வி: அண்ணே, மீட்டர்ல 6000 மணி நேரம் காட்டுற செயின் வண்டி (டயர் இல்லாம செயின்ல ஓடுற பொக்லைன்) ஒண்ணு விலைக்கு வருது, நம்பி வாங்கலாமா?

பதில்: மீட்டரை மட்டும் நம்பாதீங்க தம்பி, அதை மாத்துறது பெரிய வேலையே இல்ல. பெடல் ரப்பர், சீட்டு, பக்கெட் பின்னு எல்லாம் எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாருங்க, மணி கம்மியா காட்டி இதெல்லாம் வழவழன்னு ஆயிருந்தா கணக்கு இடிக்குது. பாக்க வர்றதுக்கு முன்னாடி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிருங்க, ஏன்னா ஸ்டார்ட்டிங் கோளாறும் புகையும் ஆறிக் கெடக்குற இன்ஜின்லதான் தெரியும், போனதும் சூடா இருந்துச்சுன்னா எனக்கு அப்பவே சந்தேகம் வந்துரும். ஐடில்ல ஓடும்போது ஆயில் ஊத்துற மூடிய தொறந்தா புகை குபுகுபுன்னு தள்ளுதா, இன்ஜினுக்குள்ள பிஸ்டன் ரிங்கு, லைனர் தேஞ்சிருக்கும். அப்புறம் ஹைட்ராலிக் ஆயில் சூடானதும் பூமை, அதாவது வண்டியோட பெரிய கையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுத் தள்ளி நின்னு பாருங்க, கண்ணு முன்னாடி இறங்குச்சுன்னா சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கு. எல்லாத்துக்கும் மேல அண்டர்கேரேஜ், அதாவது அடியில இருக்குற செயின், உருளை, பல்சக்கரம் எல்லாம், செயின் வண்டி மராமத்துச் செலவுல கிட்டத்தட்ட பாதி அங்கதான் போகும். செயினை இழுக்குற பல்சக்கரம் ஸ்ப்ராக்கெட், அதோட பல்லு கூராயிருந்தா செயினோட சேத்து மாத்துற செலவை விலையில கழிச்சுப் பேசுங்க, பெயின்ட் பளபளப்புல மயங்கிராதீங்க.

கேள்வி: சார், செயின் டைட்டா இருந்தாதான் கழலாதுன்னு எங்க ஆபரேட்டர் சொல்றார்.

பதில்: லூசா இருந்தா கழலும், அது உண்மைதான். ஆனா ரொம்ப இறுக்கினா செயின் கண்ணிகளைச் சேக்குற பின்னு, புஷ், ஸ்ப்ராக்கெட் எல்லாம் சீக்கிரம் தேயும், டீசலும் கூட குடிக்கும். சேத்துல ஓட்டும்போது மண்ணு அடைச்சு தானாவே இறுகும், அதனால எவ்ளோ தொங்கணும்னு மேனுவல்ல போட்டிருக்க அளவை விட இறுக்காதீங்க.

கேள்வி: நாலு மாச வேலைதான், வாங்கவா வாடகைக்கு எடுக்கவா?

பதில்: அதுக்கப்புறம் வேலை கையில இல்லன்னா வாடகைதான். டீசல் யாரு, ஆபரேட்டர் யாரு, மாசத்துக்கு மினிமம் எத்தனை மணி நேரம், வண்டி ரிப்பேராகி நின்னா அந்த நாளுக்கு வாடகை உண்டா, ஏத்தி இறக்குற ட்ரெய்லர் செலவு, பக்கெட் பல்லு தேஞ்சா யார் தலையில, எல்லாத்தையும் எழுதி வாங்கிருங்க.

கேள்வி: அண்ணா, ஹோஸ்ல லேசா கசியுது, எங்கேன்னு தெரியல, கையால தடவிப் பாக்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம்! உள்ள 300 பாருக்கு மேல பிரஷர் இருக்கும், ஊசி ஓட்டை வழியா வர்ற ஆயில் தோலைக் கிழிச்சு உள்ள போயிரும், வெளிய சின்ன புள்ளிதான் தெரியும், ஆனா கையையே எடுக்க வேண்டி வரலாம். கையைத் தள்ளி வச்சுக்கிட்டு ஒரு அட்டைத் துண்டை ஹோஸ் பக்கத்துல காட்டிப் பாருங்க, கழட்டுறதுக்கு முன்னாடி பிரஷரை எறக்குங்க. யாருக்காவது தோலுக்குள்ள ஆயில் ஏறிருச்சுன்னா வலி இல்லேன்னாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

கேள்வி: பக்கெட்டுக்குப் பதிலா பாறை உடைக்குற பிரேக்கர் மாட்டி ஓட்டுறோம், ஹைட்ராலிக் ஆயிலை எப்ப மாத்தணும்?

பதில்: பக்கெட் வேலைக்குச் சொன்ன கணக்கு இதுக்கு ஆகாது, ஆயில் சீக்கிரம் கெடும், தூசும் உள்ள ஏறும். பிரேக்கர் எவ்ளோ நேரம் ஓடுதோ அதுக்கேத்த மாதிரி மேனுவல்ல தனியா போட்டிருப்பாங்க, ஃபில்டரை ஆயிலை விட அடிக்கடி மாத்தணும்.