சிமுலேட்டர் திரையில் ஆட்களை அடையாளம் காணத் தாமதமாவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 57. லாரி ஓட்டுநர். பயிற்சி மையத்து சிமுலேட்டரில் வண்டியை வளைப்பதிலும் ஒதுக்குவதிலும் எனக்குத் தவறு வரவில்லை. ஆனால் சாலையைக் கடக்கும் ஆட்களையும் வழிகாட்டிப் பலகைகளையும் மிகத் தாமதமாகக் கண்டுகொள்வதாகச் சொல்கிறார்கள். பைஃபோகல் கண்ணாடியுடன் 6/6 வரை படிக்கிறேன். 43 அங்குலத் திரை, கண்ணிலிருந்து ஏறத்தாழ 80 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. கண்ணில் கோளாறு ஏதும் இருக்குமா?

பதில்: நீங்கள் தந்துள்ள விவரங்களில் முதலில் கவனிக்க வேண்டியது அந்த 80 செ.மீ. தூரம். உங்கள் கண்ணாடியின் மேல்பகுதி தொலைவுப் பார்வைக்கும், கீழ்ப்பகுதி ஏறத்தாழ 40 செ.மீ. தூரத்தில் வைத்துப் படிப்பதற்கும் அமைக்கப்பட்டிருக்கும். இடைப்பட்ட தூரத்துக்குக் கண்ணின் லென்ஸ் தானே குவிந்துகொடுக்க வேண்டும். 57 வயதில் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது. ஆகவே எந்தப் பகுதி வழியாகப் பார்த்தாலும் அத்திரையில் ஏறத்தாழ ஒரு டயாப்டர் (லென்ஸின் திறனைக் குறிக்கும் அலகு) அளவுக்கு மங்கல் இருக்கவே செய்யும். 6 மீட்டர் தூரத்துப் பலகையில் 6/6 படித்தது உண்மைதான் என்றாலும், திரையின் தூரத்தில் உங்கள் பார்வை எப்படி என்பதை அது சொல்லாது.

திரைக்கும் ஓர் எல்லை உண்டு. 6/6 பார்வை என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறிவது. குறுக்கே 1920 புள்ளிகள் கொண்ட 43 அங்குலத் திரையை 80 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு புள்ளியே அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். எனவே குறையில்லாத கண்ணுக்கும் அதில் 6/12 அளவுக்குத்தான், அதாவது 6/6-ல் பாதி அளவுக்குத்தான், நுணுக்கம் கிடைக்கும்.

வண்டியை நன்றாக ஓட்டுபவர் ஆளை மட்டும் தவறவிடுவதில் முரண்பாடு ஏதுமில்லை. சாலையின் விளிம்பு, வளைவு, இடைவெளி போன்ற பெரிய வடிவங்களை மங்கல் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. எழுத்தையும், தூரத்து மனித உருவத்தையும் காட்டித்தரும் நுண்ணிய கோடுகளைத்தான் அது முதலில் அழிக்கிறது. ஜோஆன் உட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், மங்கலாக்கும் லென்ஸ் அணிந்து மூடிய ஓடுதளத்தில் ஓட்டியவர்கள் பலகைகளை அறிவதிலும் சாலைத் தடைகளைத் தவிர்ப்பதிலும் பின்தங்கினர். ஆனால் கூம்புகளுக்கிடையே வண்டியைச் செலுத்துவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை. இதனால்தான் மங்கல் ஓட்டுநருக்கே தெரியாமல் போகிறது, அதுவே எனக்குக் கவலை தருகிறது. 6/6 பார்வையில் 60 மீட்டரில் படிக்கக்கூடிய எழுத்தை 6/12 பார்வையில் 30 மீட்டரில்தான் படிக்க முடியும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்த 30 மீட்டர் இரண்டு விநாடிக்கும் குறைவான நேரம்.

எனவே திரையின் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி அணிந்து மீண்டும் முயன்று பாருங்கள். தாமதம் நீங்கினால் காரணம் பெரும்பாலும் அந்தத் தூரமே. நீங்காவிட்டாலோ, உண்மைச் சாலையிலும் அந்தி நேரத்தில் கருப்பு உடை அணிந்தவர்கள் புலப்படாவிட்டாலோ, எதிர்வண்டி விளக்கு கூசினாலோ, ஆரம்பநிலைக் கண்புரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்புரை ஒளியைச் சிதறடித்து, பின்புலத்திலிருந்து உருவைப் பிரித்துக்காட்டும் வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் கருப்பு எழுத்துகளைப் படிக்கவைக்கும் சோதனையில் இது சில சமயம் தப்பிவிடும். ஆகவே ஒளி வேறுபாட்டு உணர்திறன் சோதனையையும், சொட்டு மருந்திட்டுக் கண்ணின் பாவையை (ஒளி நுழையும் துளையை) விரித்துச் செய்யும் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்திட்ட அன்று வண்டி ஓட்ட வேண்டாம். சாலையிலும் இந்தச் சிரமம் இருக்குமானால், பரிசோதனை முடியும்வரை இரவு ஓட்டத்தை அவசியம் நிறுத்தி வையுங்கள்.