வாயை மோந்து பார்த்தது போதும், தலையை ஸ்கேன் எடுங்கள்

அம்மா, இதைப் படித்து முடித்ததும் உங்கள் கணவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். நாளைக்கு நாள் நல்லா இருக்கு, அமாவாசை கழியட்டும் என்றெல்லாம் காத்திருக்க வேண்டாம். தலைக்கு ஒரு சிடி ஸ்கேன், இன்றைக்கே.

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி, ‘மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டாரா, என்னிடம் பொய் சொல்கிறாரா’ என்பதுதான். ஏழு மாதமாகத் தொடாத மனிதர் பத்து நாளாகச் சாயங்காலமானால் தள்ளாடுகிறார், நாக்கு குழறுகிறது, கேட்டால் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார், உங்கள் அண்ணன் ‘குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு’ என்கிறார், நீங்கள் அவர் தூங்கும்போது வாயை மோந்து பார்க்கிறீர்கள். வாசனை இல்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்புறமும் சந்தேகம் அவர் மேல்தான். கொலுசுப் பட்டறையில் முத்து பற்றவைக்கும்போது வலது கையிலிருந்து இடுக்கி நழுவுகிறது. நடக்கும்போது வலது கால் செருப்பு மட்டும் அவருக்கே தெரியாமல் கழன்று பின்னால் கிடக்கிறது. காலையில் எழும்போதே தலைவலி. இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசி வரியில், போகிற போக்கில், ‘ஐந்து வாரம் முன்னால் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கி விழுந்தார், லேசான அடிதான்’ என்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கடிதம்.

போதை ஏறினால் இரண்டு காலும் தள்ளாடும். ஒரு பக்கத்துக் கையும் காலும் மட்டும் தளர்ந்தால் தலைக்குள்தான் பார்க்க வேண்டும். பல வருடம் குடித்தவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும், மூளைக்கும் அதன் வெளியுறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், தலை சும்மா குலுங்கினாலே ஒன்று அறுந்து சொட்டுச் சொட்டாகக் கசியலாம், கல்லீரலும் பழுதாகியிருந்தால் கசிவு நிற்க நேரமாகும். விழுந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துத் தேங்கிய ரத்தம் மூளையை அழுத்தும்போது நடை தடுமாறும், பேச்சு குழறும், மந்தமாக இருப்பார். பார்க்கிறவர்களுக்கு அப்படியே குடித்த மாதிரி இருக்கும். நேரத்தோடு கண்டுபிடித்தால் மண்டையோட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்துவிடலாம், பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறிவிடுவார்கள். விட்டால் உயிருக்கே ஆபத்து. தூங்கிக்கொண்டே இருக்கிறார், எழுப்பினால் சரியாக எழவில்லை, வாந்தி, வலிப்பு என்று ஏதாவது தெரிந்தால் பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு ராத்திரி, அடிக்கடி போதையில் வந்து எங்களுக்கெல்லாம் பழகிப்போன ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சீட்டில் மேலேயே யாரோ சிவப்பு மையில் ‘குடிகாரர்’ என்று எழுதியிருந்தார்கள். நானும் அதைப் படித்தேன், ஒரு குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டு, தெளியட்டும் என்று அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். கண்மணிகளில் ஒன்று மட்டும் விரிந்திருந்ததை, தலைக்குள் அழுத்தம் ஏறியதன் அடையாளத்தை, விடியற்காலையில்தான் பார்த்தேன். அவர் பிழைக்கவில்லை. அன்றைக்கு அவர் குடித்தே இருக்கவில்லை என்று அவர் மனைவி ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

படித்தவர்களுக்கும் இது நடக்கிறது. அமெரிக்காவில் ஜான் கெல்லியும் அவருடைய சகாவும் 500க்கும் மேற்பட்ட மனநலச் சிகிச்சையாளர்களிடம் ஒரே நோயாளியின் கதையைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். பாதிப்பேருக்குப் போன தாளில் அந்த ஆளைப் ‘போதைப்பொருள் துஷ்பிரயோகம் செய்பவர்’ என்றும், மற்றவர்களுக்குப் போனதில் ‘போதைப்பழக்கக் கோளாறு உள்ளவர்’ என்றும் எழுதியிருந்தது, மற்றதெல்லாம் ஒன்றே. முதல் தாளைப் படித்தவர்கள்தான் தப்பு அவர் பேரில், தண்டிக்க வேண்டும் என்ற பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வு அது.

குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் உங்கள் கணவரே எழுந்து ‘நான் குடிநோயாளி’ என்கிறாரே, அண்ணன் சொன்னால் மட்டும் ஏன் கோபம் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே தன்னைப்போலவே கஷ்டப்பட்டவர்கள் நடுவில், தன் வாயால், இன்றைக்குக் குடிக்காமல் இருப்பதற்காகச் சொல்கிறார். உங்கள் அண்ணன் பந்தியில் பத்துப் பேர் முன்னால் சொல்வது, இந்த ஆள் பேச்சை நம்பாதே என்பதற்காக. ஏழு மாதம் நாக்கைக் கட்டியவர் அன்றைக்குத் தலைவலி என்று சொல்ல வாயெடுத்தாலும் யாரிடம் சொல்வார்? அவர் ஏன் டாக்டரிடம் வர மறுக்கிறார் என்பதற்கும் இதுதான் பதில். அங்கேயும் இதையே கேட்கவேண்டி வரும் என்று பயப்படுகிறார்.

சரி, ஒருவேளை குடித்தே இருந்தாலும்? அப்போதும் ஸ்கேன் வேண்டும். இந்த நோயில் சறுக்கல் வரும், திரும்பவும் சிகிச்சைக்கு வரலாம். வீட்டில் சொல்ல முடிகிறவர்தான் சீக்கிரம் வருவார்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். இனிப்பு நிறையச் சாப்பிடுகிறார், சாப்பிடட்டும், சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குடிப்பது மாதிரி கனவு வருவது நிறுத்தியவர்களுக்குச் சகஜம், அதைக் குற்றமாக எண்ண வேண்டாம். தலைவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், ஆஸ்பிரின் வகையாக இருந்தால் கசிவு கூடும்.

வீடியோவில் பார்த்து வாங்கிய அந்தப் பொடிதான் எனக்குக் கோபம். ‘தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்’ என்று எவனோ சொன்னானாம், நீங்களும் பணம் கட்டி வரவழைத்தீர்களாம். குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை இருக்கிறது, நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பார்வையில் கொடுக்கவேண்டியது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து மூச்சுத் திணறி ஆள் போய்விடக்கூடும். உங்கள் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் ‘குடிப்பார் சார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஐந்து வாரம் முன்னால் வண்டியிலிருந்து விழுந்தார், பத்து நாளாக வலது கையும் காலும் தளர்கிறது, பேச்சு குழறுகிறது என்று சொல்லுங்கள். பல வருடம் குடித்தவர், ஏழு மாதமாக இல்லை என்பதை அப்புறம் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் மருத்துவருக்குத் தேவை. அண்ணனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பொடியை ஒரு தடவையாவது கலந்திருந்தால் டப்பாவைத் தூக்கி எறியாமல் பையில் போட்டு எடுத்துப்போய் அங்கே காட்டுங்கள்.