வால்வு டைமிங் கேள்விகள்: டிப்ஸ்டிக்கைப் பாருங்கள் முதலில்

கே: செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) கோளாறாம். எவ்வளவு செலவாகும்?

ப: என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர், ஸ்கேனரில் என்ன கோடு (பி0011 மாதிரி கோளாறு எண்), ஒன்றையும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

கே: காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி கரகரவென்று சத்தம். அப்புறம் அடங்கிவிடுகிறது.

ப: ஆயில் அளவும் கிரேடும் சரி என்றால், கேம் ஃபேசரில் (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை முன்பின் நகர்த்தும் பாகம்) அதைப் பூட்டி வைக்கும் லாக் பின் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூடான பிறகும் சத்தம் கேட்டால் டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: பி0011 வந்தது. சோலினாய்டு (ஃபேசருக்கு ஆயிலைத் திறந்துவிடும் மின் வால்வு) புதிதாகப் போட்டோம். இரண்டே வாரத்தில் மறுபடி அதே கோடு. இப்போது ஃபேசரை மாற்றச் சொல்கிறார்கள்.

ப: அதையும் மாற்றிவிட்டு அடுத்து எஞ்சினையே மாற்றச் சொல்வார்கள். இன்டேக் கேம் (காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறப்பது) இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி முன்னால் போய் நிற்கிறது. அந்தக் கோடு சொல்வது அவ்வளவுதான். எந்தப் பாகம் கெட்டது என்று ஸ்கேனர் சொல்லவே இல்லை. ஆனால் கோடைப் பார்த்ததும் கடைக்குப் போன் போட்டு பார்ட்ஸ் வரவழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஃபேசரை நகர்த்துவதே ஆயில் பிரஷர்தான். கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது? கடிதத்தில் அதைக் காணோம்.

டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் குறைவாகவோ தார் மாதிரியோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு சோலினாய்டுக்கு ஆயில் போகும் வழியில் இருக்கும் சின்ன வலை ஃபில்டர். பல எஞ்சின்களில் அது தனி போல்ட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். கழற்றினால் கரிப் பொருக்கு அடைத்துக் கிடக்கும். சோலினாய்டை மாற்றுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. அதையும் சுத்தம் செய்த பிறகு, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது சோலினாய்டுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். ஒன்றிரண்டு வினாடி போதும், காயிலைக் கருக்கிவிடாதீர்கள். எஞ்சின் தடுமாறினால் ஃபேசர் நகர்கிறது என்று அர்த்தம். எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அப்போது ஃபேசரைப் பற்றிப் பேசலாம்.

கே: பி0010?

ப: இது சோலினாய்டின் மின்சாரச் சமாச்சாரம். கனெக்டர், ஒயர், காயில். மல்டிமீட்டரில் ஏறக்குறைய 7 அல்லது 8 ஓம் காட்டினால் பல வண்டிகளில் காயில் நல்லது. அளவே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது.

கே: பி0016 உடன் ஊருக்குப் போய் வரலாமா?

ப: கூடாது. கேமும் கிராங்க் தண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதுதான் அந்தக் கோடு. செயின் நீண்டோ பல் தாண்டியோ இருக்கலாம். வால்வு பிஸ்டனில் இடித்தால் செலவு பத்து மடங்கு.

கே: 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் குறைகிறதே?

ப: சத்தம் குறையும். கெட்டி ஆயிலில் ஃபேசர் மந்தமாகி, அடுத்த மாதம் பி0011 என்று எழுதுவீர்கள். மேனுவலில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதுதான்.